லாட வளைவிலிருந்து அப்பாவுக்கு

பிட்ஸ்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் மட்டும் போதாது, தென்காசிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். என் வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருப்பேன். பாதியில் அம்மா போனை வாங்கிவிடுவாள், அதனால் கடிதம்.

சனிக்கிழமை அல்டூனாவுக்குப் போனேன். இங்கிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம். உடன் வந்தவர்கள் மலையில் இலைகள் சிவந்திருப்பதைப் பார்க்க வந்தார்கள், நான் தண்டவாளத்தைப் பார்க்கப் போனேன். தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனின் மகனுக்கு வேறு என்ன புத்தி வரும்?

அலெகெனி மலையில் லாடம் போல வளையும் பாதை அது. பெயரும் லாட வளைவுதான். 1854 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். 1904இல் வந்த நம் செங்கோட்டை–புனலூர் பாதைக்கு ஐம்பது வயது மூத்தது. அதற்கு முன்பு இந்த மலையைக் கடக்கக் கால்வாய்ப் படகுகளையே வண்டியில் ஏற்றி, சரிவுகளில் நீராவி என்ஜின் வைத்துக் கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். நேராக ஏறினால் ரயிலுக்கு ஏற்றம் தாங்காது. எட்கர் தாம்சன் என்ற என்ஜினியர் இரண்டு ஓடைப் பள்ளங்களை மண் கொட்டி மேடாக்கி, நடுவில் துருத்திய மலையை வெட்டி, பாதையை 220 டிகிரி திருப்பிவிட்டார். தூரம் கூடியது, ஏற்றம் 100 அடிக்கு இரண்டடிக்கும் சற்றுக் குறைவாக அடங்கிவிட்டது. வெட்டியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கடப்பாரை, மண்வெட்டி, குதிரை, அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

கீழே மியூசியம் இருக்கிறது, சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டேன். படியேறி மேலே போனால் வளைவின் நடுவிலேயே பூங்கா. சரக்கு ரயில் ஒன்று வந்தது. தலைப்பு என்ஜின் என்னைத் தாண்டிப் போகிறது, வால் இன்னும் எதிர்மலையில் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் பார்த்தால் பேங்கர்! இரண்டு டீசல் என்ஜின்கள் பின்னாலிருந்து தள்ளுகின்றன. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், எங்கள் ஊர் மலைப்பாதையிலும் இப்படித்தான், முழுப் பாரத்தையும் முன்னால் மட்டும் இழுத்தால் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்துவிடும் என்று நீங்கள் சொன்னதையே சொன்னேன். அவர் என்னை ரயில்வேக்காரன் என்றே முடிவுகட்டிவிட்டார். நானும் மறுக்கவில்லை. இறங்கி வந்த ரயிலில் பிரேக் கட்டை சூடேறிய வாடை. உங்கள் காக்கிச் சட்டையில் அந்த வாடை இருக்கும்.

1942இல் ஜெர்மனி அனுப்பிய நாசக்காரர்கள் தகர்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இந்த வளைவும் இருந்ததாம். அதற்குள் பிடிபட்டுவிட்டார்கள். நம் புனலூர் பாதையின் பதிமூன்று கண் பாலத்துக்கு அப்படி எதிரிகள் யாரும் வரவில்லை, மழை ஒன்றைத் தவிர.

இந்த வளைவில் முன்பு நான்கு பாதைகள் இருந்தன, இப்போது மூன்று. கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், நம் அகலப் பாதையைவிடக் குறுகல், மீட்டர் கேஜைவிட அகலம்.

ஒரு சந்தேகம். இதே வளைவில் சரக்கு ரயில் ஊர்ந்து ஏறுகிறது, பயணி ரயில் அதைவிட வேகமாகப் போகிறது. வளைவில் ரயில் வெளிப்பக்கம் சாயாமலிருக்க வெளித் தண்டவாளத்தை உயர்த்துவீர்களே, இங்கே அதை யாருக்காக உயர்த்துவது? அதிகம் உயர்த்தினால் மெதுவாகப் போகிற ரயிலின் பாரம் உள்தண்டவாளத்தில் சாய்ந்து அது தேயும் என்பீர்களே. மீட்டர் கேஜ் காலத்தில் பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவு குகைக்கும் நடுவே எவ்வளவு உயர்த்தி வைத்திருந்தீர்கள்? பரண்மேல் இருக்கும் பழைய நோட்டைப் பார்த்து எழுதுங்கள். உத்தேசமாக வேண்டாம், அளவோடு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்