என்டே அகப்பட்டது

கண்ணா,

நேற்று ராத்திரி உன் போக்கிமான் விளையாட்டில் என்டேயைப் பிடித்துவிட்டேன். எதையும் தவறாமல் பிடிக்கும் உன் மாஸ்டர் பால் பந்தைத் தொடவில்லை.

அலமாரியைக் காலி செய்தபோது உன் பழைய டிஎஸ் விளையாட்டுக் கருவி கிடைத்தது. சார்ஜ் போட்டேன், உயிரோடுதான் இருக்கிறது. சோல்சில்வர் விளையாட்டும் உள்ளேயே இருந்தது. நீ எட்டு பேட்ஜும் வாங்கிவிட்டு, எரிந்த கோபுரத்தில் தூங்கிய மூன்று போக்கிமான்களையும் எழுப்பிவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ராய்கூவும் என்டேயும் இத்தனை வருஷமாக விளையாட்டின் ஜோட்டோ பகுதி முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் வாரம் உன்னைப் போலவேதான் துரத்தினேன். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் தெரிந்துவிடுகிறதே! உடனே ஃப்ளை போட்டுப் பறந்து போவேன். இறங்கிப் பார்த்தால் ஜோட்டோவின் இன்னொரு கோடியில் இருக்கும். நாம் பறந்தால் அதுவும் இடம் தாவுகிறது என்று புரிய எனக்கு நான்கு நாள் ஆனது. அப்போது நீ தலையணையில் குத்தியதற்குக் காரணமும் புரிந்தது. சத்தம் போடாதே என்று திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் துரத்துவதை விட்டுவிட்டேன். ரூட் 29-க்கும் 46-க்கும் நடுவே ஒரு வாசல் கட்டடம் இருக்கிறதல்லவா, அங்கேயே டேரா போட்டேன். உள்ளே போவது, வெளியே வருவது, வரைபடம் பார்ப்பது. ஒவ்வொரு தடவை நாம் எல்லை தாண்டும்போதும் அதுவும் நகர்கிறது. எப்போதாவது ஒரு தடவை நாம் நிற்கும் ரூட்டுக்கே வந்து சேரும். வந்ததும் ரிப்பெல் என்ற விரட்டி மருந்தை அடித்துப் புல்லில் நடக்க வேண்டியதுதான். என்டே லெவல் 40. முன்னால் நிற்கும் நம் போக்கிமானும் 40 என்றால், அதற்குக் கீழே இருக்கும் சில்லறைகள் ஒன்றும் ரிப்பெலைத் தாண்டி வராது, என்டே மட்டும் வரும். சாதா ரிப்பெல் 100 அடிக்குத்தான் தாங்கும், மேக்ஸ் என்றால் 250. முன்னால் நிறுத்திய குரோபேட் போக்கிமானை 40-லேயே நிறுத்திவைக்கத்தான் பெரும்பாடு. ஒரு சண்டை அதிகமாகப் போட்டால் 41 ஆகிவிடும், கணக்கே போச்சு.

மீன் லுக் என்று ஒரு வித்தை அதற்குத் தெரிந்திருந்தது. மீன் மாதிரி முறைக்குமோ என்று நினைத்தேன். முறைத்தால் எதிராளி ஓட முடியாதாம். சந்தோஷமாகப் போட்டேன். என்டே ஓடவில்லைதான், ஆனால் ஒரு கர்ஜனை விட்டது, சண்டையே முடிந்துவிட்டது. ரோர் என்ற அந்தக் கர்ஜனைக்கு மீன் லுக் தடை இல்லை என்று யாரும் சொல்லவில்லை எனக்கு.

சரி, முறைப்பு வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு கடி என்று முடிவு செய்தேன். குரோபேட் என்டேயைவிட வேகம், அதனால் என்டே ஓடுவதற்குள் ஒரு கடி கடித்துவிடும். குறைந்த ஹெச்பி, அதாவது உயிர்ச்சக்தி, அடுத்த தடவை பார்க்கும்போதும் குறைந்தபடியே இருக்கும். பட்டை சிவப்பானதும் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பந்து வீசத் தொடங்கினேன்.

பந்து எது தெரியுமா? ஃபாஸ்ட் பால். உன் பெட்டியில் வெள்ளை ஏப்ரிகார்ன் காய்கள் குவிந்து கிடந்தது. அசேலியா ஊரில் கர்ட் தாத்தாவிடம் கொடுத்தால் மறுநாள் பந்தாக்கித் தருகிறார். அடிப்படை வேகம் 100-க்குக் குறையாத போக்கிமானுக்கு அது நான்கு மடங்கு வேலை செய்யும். என்டேயின் அடிப்படை வேகம் சரியாக 100. ஒன்று குறைந்திருந்தால் அத்தனையும் வீண்!

17-வது பந்து. ஒரு ஆட்டம், இரண்டு, மூன்று... நான் மூச்சே விடவில்லை. க்ளிக்.

பெயர் வைக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்றேன். விவரப் பக்கத்தைத் திறந்தால் பிடித்தவர் என்று உன் பெயர்தான் போட்டிருக்கிறது. அநியாயம்!

ராய்கூவை இரண்டு தடவை கடித்து வைத்திருக்கிறேன். மீதியை நீ வந்து பார்த்துக்கொள். ஃபாஸ்ட் பால் ஆறு மிச்சம் இருக்கிறது. குரோபேட்டை வைத்து வேறு எதோடும் சண்டை போட்டுவிடாதே, 41 ஆக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அம்மா