49-வது நிமிடத்தில் எழுந்தவன்

மன்னார்குடி
17.12.2025

அன்புள்ள கோலிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பையனும் மஸ்கட்டில் நலம்தானே? சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. வசவையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், பொங்கலுக்கு நீ வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். (கோலி என்று மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு என் பேரன், "தாத்தாவுக்கு விராட் கோலியைத் தெரியுமா?" என்று கேட்டாலும் கேட்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோல் போஸ்ட்டில் நிற்கிறவனும் கோலிதான் என்பது எப்படித் தெரியும்?)

இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி நாலு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாய். அப்படி முடிகிற சமாசாரம் இல்லை இது. நாகப்பட்டினத்தில் செய்ததை மறுபடியும் செய்துவிட்டேன் மாப்ளே. அறுபது வயதில், அதுவும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு.

முதலில் உன் நாட்டு விசாரிப்பை முடித்துவிடுகிறேன். ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையில் நம் பையன்கள் ஓமனை அடித்தது 17-0! பாகிஸ்தான் வராததால் கடைசியில் உள்ளே வந்த அணிதான் ஓமன், அதை ஒத்துக்கொள்கிறேன். நீ உப்புத் தின்கிற நாடு என்பதால் பத்துக்கு மேல் நான் கை தட்டவில்லை, அந்த மரியாதையையும் குறித்துக்கொள். ஆனாலும் அந்தக் கோல்கீப்பர் பையனை நினைத்து அன்று ராத்திரி கொஞ்சம் வருத்தமாக இருந்தது. 82-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானிடம் நாம் ஏழு கோல் வாங்கிய ராத்திரி பாய் கடை ரேடியோவுக்கு நேர்ந்தது ஞாபகம் வந்தது. நீ அன்று சாப்பிடவே இல்லை. "ஏழும் என் காலுக்கு நடுவில் போன மாதிரி இருக்குடா" என்றாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆட்டம் நடந்த 29-ம் தேதிதான் இங்கே டிட்வா புயல் மழை. பள்ளக்கால் வயல் ஆறு மா நிலமும் கடலாகிவிட்டது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று காலால் துழாவித்தான் நடக்க வேண்டியிருந்தது. டீசல் இன்ஜின் வைத்து இரண்டு நாள் இறைத்தேன். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது, வாய்க்கால் நிரம்பி மறுநாள் காலையில் அடுத்த மடை வழியாக என் வயலுக்கே திரும்பி வந்தது. நல்ல பாஸ்! நம் அணியில்கூட அவ்வளவு சரியாகத் திருப்பிக் கொடுத்தவன் கிடையாது. அப்புறம்தான் வடிகாலில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை ஆள் விட்டு வெட்டினோம். 6-ம் தேதி பயிரின் நுனி வெளியே தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை போன். "மாமா, நாளைக்கு செமி ஃபைனல், ஜெர்மனியோடு. டிக்கெட் இலவசம், உங்களுக்கும் போனிலேயே பதிவு பண்ணிட்டேன்." என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே, "பயிர் முழுகிக் கிடக்குது, இவருக்கு மட்டை கேக்குது" என்றாள். நான் பதில் பேசவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

எழும்பூர் மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? தண்ணீர். ஆட்டத்துக்கு முன்னால் அந்த நீலச் செயற்கைப் புல் விரிப்பு முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து நனைக்கிறார்கள். ஓரத்திலிருந்து எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று வளைந்து விழுகிறது. பேரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "எங்க வயல்ல நிக்கிறதை லாரியில அனுப்புறேன், எடுத்துக்குங்கப்பா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி, "எந்த ஊர்?" என்றார். மன்னார்குடி என்றேன். "நமக்குத் திருத்துறைப்பூண்டி" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை.

ஆட்டத்தை நீயும் பார்த்திருப்பாய். 14-வது நிமிடம் ஜெர்மனிக்கு ஒன்று, 15-வது நிமிடம் ஒன்று. இடைவேளைக்குச் சற்று முன்னால், 30-ல் மூன்றாவது. டிவியில் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஜெர்மனிப் பையன்கள் பந்து இல்லாதபோது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, நேரில் பார்த்தால்தான் புரிகிறது. ஒருத்தன் பந்தை வாங்கும்போதே மற்றவன் அடுத்த இடத்துக்குப் போய் நிற்கிறான். நம் பையன்கள் பந்தைப் பார்த்து ஓடினார்கள், அவர்கள் இடத்தைப் பார்த்து ஓடினார்கள். பெரிய வாத்தியார் சரளையில் கோடு கிழித்துக் கத்தியது இதைத்தான். நாம் என்றைக்குக் கேட்டோம்?

ஜெர்மனி என்றாலே எனக்கு இப்போது ஒவ்வாமை. 2021 புவனேஸ்வரில் ஜூனியர் செமி ஃபைனல், 2-4. 2023 கோலாலம்பூரில் செமி ஃபைனல், 1-4. போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் பெரியவர்களுக்கும் செமி ஃபைனல், 2-3. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை 1-3-லிருந்து எழுந்து 5-4 என்று அடித்தோம். கடைசி ஆறு விநாடியில் பெனால்டி கார்னரைத் தடுத்துவிட்டு நம் கோலி ஸ்ரீஜேஷ் கோல் போஸ்ட் மேலே ஏறி உட்கார்ந்தாரே, அன்று நீ மஸ்கட்டிலிருந்து போன் போட்டு அழுதாய். இல்லை என்று சாதிக்காதே. அதே ஸ்ரீஜேஷ்தான் இப்போது இந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கையைக் காலை ஆட்டியபடியே இருந்தார். கோலிகளுக்கு வெளியே நிற்க வராது போலிருக்கிறது.

40-ல் நாலாவது. 49-ல் ஐந்தாவது.

அந்த ஐந்தாவது விழுந்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது மாப்ளே. கோபம்கூட இல்லை. "வாடா போகலாம்" என்று எழுந்தேன். பேரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முடியலையே தாத்தா" என்றான். "முடிஞ்சிடுச்சுடா, நாளைக்கு உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு பஸ்" என்றேன். மாப்பிள்ளை நல்ல மனுஷன், மாமனாரை எதிர்த்துப் பேசத் தெரியாமல் அவரும் எழுந்துவிட்டார். திருத்துறைப்பூண்டிக்காரர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படிக்கட்டில் இறங்கி கேட்டைத் தாண்டவில்லை, உள்ளே பெரிய சத்தம். அன்மோல் எக்கா கோல் அடித்துவிட்டான், 51-வது நிமிடம். தோற்கிற ஆட்டத்தில் ஒரே ஒரு கோல், அதற்கு அந்தக் கூட்டம் கோப்பையே ஜெயித்த மாதிரி கத்துகிறது. பையன் என் கையை உதறிவிட்டு அப்பா பக்கம் போய் நின்றுகொண்டான்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. (கிளாம்பாக்கத்தைப் பற்றித் தனிக் கடிதம் எழுத வேண்டும். பட்டணத்துக்குள் பஸ் ஏறுவது என்பது முடிந்துபோன கதை, ஏறுவதற்கே பாதி ஊர் வந்துவிட வேண்டும்.) பஸ்ஸில் உட்கார்ந்ததும் நாகப்பட்டினம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே நம் ஆட்டத்தில் நாலு கோல் விழுந்ததும் நான் ஸ்டிக்கைப் போட்டுவிட்டு வெளியே நடந்தது, மீதி நேரம் நீங்கள் பத்துப் பேர் ஆடியது. அன்று வேனில் திரும்பும்போது நீ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். அதை இங்கே எழுத மாட்டேன், உனக்கே தெரியும். நாற்பத்து நாலு வருஷமாக அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டும்போது அது கிண்டல் இல்லை என்று பட்டது.

அப்புறம் புதன்கிழமை, 10-ம் தேதி. வெண்கலத்துக்கு அர்ஜென்டினாவோடு. பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்டம், நான் வேண்டுமென்றே யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் திண்ணையில் கொட்டிக் கலந்துகொண்டிருந்தேன், மறுநாள் தெளிக்க. உள்ளே டிவி ஓடியது. மட்டை என்று திட்டியவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்! மூன்றாவது நிமிடமே கோல் வாங்கினார்கள், 44-ல் இரண்டாவது. "போலந்தா?" என்று கேட்டேன். "அதுக்கும் மேல" என்றாள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்து அடித்து நம்மைக் கவிழ்த்த அந்த ஒரு சமன் கோலிலிருந்து இந்த வீட்டில் போலந்து என்றால் என்னவென்று கோழிக்குக்கூடத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, பேரன். அப்பாவோடு போயிருக்கிறான். முகம் தெரியவில்லை, வெறும் விளக்கும் தலைகளும் இரைச்சலும்தான். "தாத்தா, பாருங்க" என்றான். என் கையெல்லாம் புண்ணாக்கு. அங்கித் பால் 49-ல் அடித்துவிட்டான். 49! நான் எழுந்துபோன அதே நிமிடம். போனைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 52-ல் மன்மீத் சிங், சமம். 57-ல் பெனால்டி ஸ்ட்ரோக், சாரதா நந்த் திவாரி. அவன் பந்துக்குப் பின்னால் நிற்கும்போது படம் அப்படியே உறைந்துவிட்டது மாப்ளே, சிக்னல் இல்லை. உறைந்த படத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். 58-ல் எக்கா. 4-2. பதினோரு நிமிடத்துக்குள் நாலு கோல். ஜூனியர் உலகக் கோப்பையில் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பதக்கம், 2016 லக்னோவுக்கு அப்புறம் இதுதான்.

தங்கத்துக்கான ஆட்டத்தை யார் பார்த்தது? ஜெர்மனி ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் ஜெயித்து எட்டாவது தடவையாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது, எடுக்கட்டும்.

சந்தோஷம்தான். ஆனால் அந்த அழைப்பு முடியும்போது பையன் சொன்னதைக் கேள். "நாங்க கடைசி வரைக்கும் இருந்தோம்" என்றான். குத்திக்காட்டவில்லை, தகவல்தான் சொன்னான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மகளிடம் கேட்டால் "பரீட்சைப்பா" என்கிறாள். ஒன்பது வயதுப் பையனுக்கு அப்படி என்ன பரீட்சை?

அவனுக்கு இப்போது ஹாக்கி வேண்டுமாம். அதுதான் என் மண்டையைக் குடைகிறது. நம் பள்ளி மைதானத்தைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். கோல் போஸ்ட் இருந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கொட்டகை. பையன்கள் மூலையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டானே, அவனும் கோவில்பட்டி போய்த்தான் ஆளானான். 76 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கை விரிப்பு வந்து நாம் ஏழாவதாக இறங்கினோம். அதற்கப்புறமும் நாம் இங்கே சரளையில், வளைவு விரிந்த ஜலந்தர் ஸ்டிக்கில் சைக்கிள் டியூப் சுற்றி ஆடினோமே, பைத்தியக்காரத்தனமா அது? இல்லை என்றுதான் இப்பவும் தோன்றுகிறது. ஆனால் அதே சரளையைப் பேரனுக்கு எப்படிக் காட்டுவது? பட்டணத்தில் இருக்கிறான், விரிப்பு கிடைக்கும். ஆனால் இன்னொரு சிக்கல், அவன் இடக்கை. ஹாக்கி ஸ்டிக்கில் இடக்கை ஸ்டிக் என்பதே கிடையாதே, தட்டையான முகம் ஒரு பக்கம்தானே. சோறு தின்பது, எழுதுவது எல்லாம் இடக்கையில் செய்கிறவன் ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பான்? நம்ம அணியில் ரைட் இன் இடத்தில் (வலப்பக்க முன்களத்தில்) ஆடியவன் இடக்கைதான் என்று மங்கலாக ஞாபகம். அவன் மேல்கையில் நல்ல பிடி இருந்தது, இடக்கை என்பதால்தானா? உனக்கு நினைவிருந்தால் எழுது.

பயிரைப் பற்றிக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். ஆறு மாவில் நாலு மா தாக்குப்பிடித்துவிட்டது, சி.ஆர். 1009 சப்-1, முழுகினாலும் கொஞ்ச நாள் தாங்குகிற ரகம். மீதி இரண்டு மா அழுகிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டிலிருந்தே பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். நிவாரணம் வரும்போது வரட்டும்.

பொங்கலுக்குப் பேரனும் வருகிறான். நீ ஒரு நாள் முன்னால் வந்துவிடு. உங்கள் வீட்டுப் பரணில் உன் பழைய கால் பேட் இன்னும் இருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல். களத்து மேட்டில் இரண்டு செங்கல் வைத்துக் கோல் போடலாம், நீ நில், அவன் அடிக்கட்டும். நாகப்பட்டினத்துக் கதையை நீயே அவனிடம் சொல்லிவிடு, வேனில் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து. என் வாயால் வராது.

உன்,
லெஃப்ட் அவுட்

பி.கு: பேட்டை எலி கடித்திருந்தால் சாக்கு கட்டிக்கொள். நாகப்பட்டினத்திலும் நீ அதைத்தான் கட்டியிருந்தாய்.