துரும்பை நகர்த்து, தண்டபாணி

ஸ்ரீரங்கம்
12.11.2025

அன்புள்ள தண்டபாணிக்கு,

இங்கே இருவரும் நலம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உன் வீட்டு நலமெல்லாம் போன வாரம் போனிலேயே கேட்டாயிற்று. பொங்கலுக்கு எழுதியதுதான் நான் உனக்கு எழுதிய கடைசிக் கடிதம். பத்து மாதம்! 38 வருடம் ரயில் தபால் வேலையில் ஊரார் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பிரித்து உரிய பையில் போட்டவன், உனக்கு ஒரு கடிதம் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டது தவறு. மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

ரயில் தபாலில் நமக்கு மேலே இருந்த ஹெட் சார்ட்டர் ஐயா போய்விட்டார் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். எப்படிப் போனார் என்று சொல்லவில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் மருமகள் இருந்தாள், பேரன் விளையாடிக்கொண்டிருந்தான். அதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐயாவுக்கு 84. ஒரு நோயும் இல்லை, கொஞ்சம் பிரஷர் மட்டும். தூக்கம் வரவில்லை என்று யாரோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தார். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் நம் வயதில் ரத்த அழுத்தம் இறங்கிவிடுமாம், கண் இருட்டுமாம். மாத்திரையின் மயக்கம் வேறு. குளியலறையில் பளபளவென்று டைல்ஸ், அதில் ஈரம். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும், வீட்டுக்குப் போன பிறகும் தினமும் நடத்த வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அன்பு நடந்தது. "அப்பா, அசையாதீங்க." "மாமா, நீங்க படுத்துக்குங்க, நாங்க பார்த்துக்கறோம்." சாப்பாடு படுக்கையில், மற்றதும் படுக்கையில். பிள்ளைகள் முறை வைத்துக் கண்விழித்தார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகள் யாருக்கும் கிடைக்கமாட்டார்கள். மூன்றாவது வாரம் இருமல் வந்தது. படுத்தே கிடந்த நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாக மாறியது. ஐந்தாவது வாரம் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிற்க வையுடா என்னை" என்றார். அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவரும் நிற்க வைக்கவில்லை, நானும்தான். "வண்டி ஆடட்டும், நீ ஆடாதே" என்று நம்மை அதட்டி அதட்டி நிற்கப் பழக்கிய மனிதர், தண்டபாணி. விழுப்புரம் வரை அந்த மீட்டர் கேஜ் வண்டியில் ராத்திரி முழுக்கத் தூக்கம் கண்ணைச் சுழற்ற, அலமாரிக்கு எதிரே நின்றே பிரித்தோமே. நீ அரியலூர் பையைக் கோட்டைவிட்ட ராத்திரியில்கூட, "முதலில் காலை ஊன்றி நில், பிறகு அழு" என்றுதானே சொன்னார்!

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். தரையில் பாய் விரித்துப் பந்தி. எத்தனையோ வருடம் கழித்துச் சம்மணம் போட்டு இலைமுன் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்து எழப் பார்த்தால் முடியவில்லை. கையை ஊன்றினேன், முழங்காலை மடக்கினேன், உடம்பு மேலே வரவே இல்லை. ஐயாவின் பேரன்கள் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தினமும் விடியற்காலையில் சித்திரை வீதி நான்கையும் சுற்றி வருகிறவன் நான்! நடக்கிறோம், அது போதும் என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இயன்முறை மருத்துவம் படிக்கும் என் அண்ணன் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்ன விஷயங்கள் என்னை உலுக்கிவிட்டன. நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தொடைத் தசைக்கும் உடம்பின் சமநிலைக்கும் சமதரையில் நடப்பது மட்டும் போதாதாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடை போன்ற பயிற்சியோடு கூட, வாரத்தில் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். நமக்கு யார் சொன்னார்கள்? எந்த டாக்டர் சொன்னார்? "வாக்கிங் போங்க, உப்பைக் குறைங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருப்போமா?

தரையிலிருந்து எழுவதையே சோதனையாக வைத்துப் பிரேசிலில் ஆராய்ந்திருக்கிறார்கள். 51 முதல் 80 வயது வரை உள்ள 2,002 பேரைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 10. கையையோ முழங்காலையோ ஒருமுறை ஊன்றினால் ஒரு மதிப்பெண் போய்விடும். பிறகு சில வருடம் கவனித்து வந்து, குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில்தான் இறப்பு அதிகம் என்று கண்டார்கள். 2012இல் வந்த ஆராய்ச்சி. நம் அம்மாக்கள் அரிசி புடைக்கவும், அம்மியில் அரைக்கவும், பரிமாறவும் ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்! நாமோ டைனிங் டேபிள் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைவிட இன்னொன்றை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில், 90ஐ ஒட்டிய வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 86 வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்தவர்களுக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 1990இல் வெளிவந்தது இது. இதை அறிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 90 வயதுத் தசைக்கும் வேலை கொடுத்தால் அது வளரும்! நமக்கு 73தான், தண்டபாணி. "இனிமேல் என்ன இருக்கிறது" என்று போனுக்குப் போன் சொல்கிறாயே, இது இருக்கிறது.

ஆகஸ்டில் ஆரம்பித்தேன். சுவரை ஒட்டிப் போட்ட கனமான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும், உட்கார வேண்டும். முதல் நாள் நான்கோடு தொடை நடுங்கிவிட்டது. இப்போது பத்துப் பத்தாக மூன்று தடவை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன். பல் தேய்க்கும்போது ஒரு விரலை மட்டும் பேசினில் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன். ராத்திரி எழும்போது படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கிறேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பதித்தாயிற்று, ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. சாப்பாட்டில் தினமும் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒரு கிண்ணம், அதோடு மோர். வெறும் சோற்றையும் ரசத்தையும் வைத்துக்கொண்டு தசை எங்கிருந்து வரும்? போன திங்கட்கிழமை தரையில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரி ஓடிவந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பெருமையாக ஒன்று சொன்னாய்: "என்னை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை, வரதா." அந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகவில்லை. காபி நாற்காலிக்கு வருகிறது, பேப்பர் கைக்கு வருகிறது, மருந்துக் கடைக்குப் பேரன் போகிறான். இரண்டாவது மாடியிலிருந்து நீ கீழே இறங்கி எத்தனை நாள் ஆயிற்று? உண்மையைச் சொல். உன் மருமகள் தங்கமான பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐயாவின் வீட்டிலும் எல்லோரும் தங்கமானவர்கள்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி இருந்தவரை மதுரை யானைக்கல் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைவாய். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்க உனக்குத் தெரியவில்லை என்று நடுக்கடையில் வைத்துத் திட்டுவாள், நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாய். அவள் போய் இரண்டு வருடமாகிறது. நீ படி இறங்காததற்கு முழங்கால் வலி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இறங்கினால் எங்கே போவது, யாருக்காக வாங்குவது என்பதுதான் காரணம். இதைப் போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் மாற்ற முடியாது.

அவள் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டு வைத்திருந்த உடம்பு அது. நாற்காலியில் கிடந்து கரையும்படி விட்டுவிடாதே.

மூன்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பதினொரு மாத்திரை என்றாயே, அத்தனை அட்டையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. எது தேவை, எது வேண்டாம், எது தலைசுற்ற வைக்கிறது என்று அவர் சொல்லட்டும். நீயாக எதையும் நிறுத்தாதே, தூக்க மாத்திரையைக் குறிப்பாக. முழங்காலையும் காட்டிவிட்டு, அவர் அனுமதிக்கிற அளவுக்குப் பயிற்சி செய். தரையில் உட்கார இப்போது முயலவே வேண்டாம், நாற்காலியிலிருந்து எழுவது போதும். முதல் வாரம் மகன் பக்கத்தில் நிற்கட்டும். சென்னைக்கு மகள் கூப்பிடுகிறாள் அல்லவா? கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையை 2024இல் திறந்திருக்கிறார்கள். ஒருமுறை போய் முழுதாகக் காட்டிவிட்டு வா. மதராஸ் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப்பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் ஆரம்பித்தபோது நாம் இரவு வண்டியில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர்கள். நமக்கும் அது வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தோம்!

மார்கழியில் இங்கே வா. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த பிறகு வந்தால் போதும், கூட்டத்தில் உன்னை அலைக்கழிக்கமாட்டேன். வைகை எக்ஸ்பிரஸில் ஏறு, திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். பத்து நாள் இரு. காலையில் இருவரும் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். காய்கறி வாங்க உன்னைத்தான் அனுப்புவேன், வெண்டைக்காயைப் பார்த்து வாங்க வேண்டும். உன் காலை எட்டு மணிக் காபிக்கு இங்கே நீயே எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஐயாவைப் பற்றிய பகுதியையும் சேர்த்து. அவள் புரிந்துகொள்வாள்.

உன் தெருமுனையில் நம் சிவப்புப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் எத்தனை மணிக்குத் தபால் எடுக்கிறார்கள் என்று பெட்டிமேல் போட்டிருக்கும். பேரனை அனுப்பாதே. நீயே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்து, அந்த நேரத்தைப் பதிலின் முதல் வரியில் எழுது.

அன்புடன்,
வரதன்