முகம் தெரியாத அந்த மனிதருக்கும், இன்னும் சிலருக்கும்

தீசிஸில் நன்றி சொல்ல ஒதுக்கும் ஒரு பக்கம், கைடு, வீட்டார், நண்பர்கள் என்று எழுதுவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் பார்க்கின்சன் நோய் பற்றி நான் செய்த ஆய்வு முழுக்க அடுத்தவர்கள் உண்டாக்கிக் கொடுத்த செல்களில் நடந்தது. அவர்களுக்குத் தனியாகவே எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

முதல் நன்றி, பிரிட்டனில் ஹிப்சை என்ற ஸ்டெம் செல் திட்டத்துக்காகத் தோலில் சிறு துண்டு எடுத்துக்கொள்ளச் சம்மதித்த அந்த மனிதருக்கு. தனக்கு ஒரு நோயும் இல்லை, தனக்கு இதனால் ஒரு பலனும் இல்லை, ஆனாலும் கொடுத்தார். 2007-இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் குழு மனிதத் தோல் செல்லில் காட்டிய வழியில் அதை ஸ்டெம் செல்லாக, அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய செல்லாக, மாற்றியதில் கிடைத்ததுதான் கோல்ஃப்2 என்ற லைன் (ஒரே மூலத்திலிருந்து பெருக்கிக்கொண்டே போகும் செல்களின் வம்சம்). அதில் ஒரு மரபணுவின் ஒரு பிரதியில் இருந்த பழுதைச் சரிசெய்து, வேறு பல லைன்களோடு வைத்து ஒப்பிட்டு, உலகெங்கும் உள்ள லேப்களுக்கு அனுப்பி அவரவர் சொந்த லைனோடு மோதவிட்டுப் பார்த்து, கடைசியில் கோல்ஃப்2.1ஜே என்று 2022-இல் வெளியிட்டார்கள். அந்த வேலையைச் செய்த என்ஐஎச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு), ஜாக்சன் ஆய்வகக் குழுக்களுக்கு அடுத்த நன்றி.

இது எவ்வளவு பெரிய உதவி என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நோயாளி ஒருவரின் செல்லையும் ஆரோக்கியமான வேறொருவரின் செல்லையும் பக்கத்தில் வைத்தால், தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்பதால் வந்ததா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இவர்களோ ஒரே மனிதரின் செல்லை எடுத்து, பார்க்கின்சனோடு தொடர்புடைய ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில், மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பரால் ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். அதோடு விடவில்லை, மாற்றியதைப் பழையபடி திருப்பிய செல்லும் கூடவே உண்டு! எடிட் செய்ததால் மட்டுமே வந்த கோளாறு எது என்று கண்டுபிடிக்க அதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஓர் எழுத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. இத்தாலியின் கோன்டுர்சி ஊரில் வேர்கொண்ட ஒரு பெரிய குடும்பமும் சில கிரேக்கக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இந்த நோயோடு வாழ்ந்து, ரத்தம் கொடுத்ததால்தான், அந்த எழுத்து மாறினால் பார்க்கின்சன் வரும் என்று 1997-இல் தெரியவந்தது. அவர்கள் இந்தத் தமிழை வாசிக்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், கோல்ஃப்2.1ஜேயின் குரோமோசோம்களிலும் சில துண்டுகள் விடுபட்டிருக்கின்றன என்று பின்னால் கண்டுபிடித்து வெளிப்படையாக எழுதிய குழுவுக்கும் நன்றி. படித்த அன்று வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே செல்லை வைத்திருப்பதால்தான் ஓரிடத்தில் கண்ட குறை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, நானும் முக்கியமான சோதனைகளை வேறொரு லைனில் திரும்பச் செய்தேன்.

செல்கள் வந்த பார்சல் ஒன்று வழியில் மாட்டிக்கொண்டபோது விடாமல் போன் போட்டு மீட்ட எங்கள் அலுவலகத்து அண்ணனுக்கும், ஒப்பந்தத் தாள்களில் கையெழுத்து வாங்க மாடி மாடியாக ஏறிய அக்காவுக்கும் நன்றி. உறைந்த செல்கள் இருக்கும் குப்பியை 37 டிகிரி நீரில் ஆட்டி, உள்ளே பொட்டுப் பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிய சீனியருக்கும்.

கடைசியாக, லேப் தம்பி தங்கைகளே, இந்தச் செல்களுக்கு ஞாயிறும் கிடையாது பொங்கலும் கிடையாது. நான் ஊருக்குப் போன நாட்களில் தினமும் மீடியா (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றியது நீங்கள்தான். வட்டியும் முதலுமாக பிரியாணி பாக்கி இருக்கிறது, வைவா முடிந்ததும் வசூலித்துக்கொள்ளுங்கள்.