பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு வருபவர்களுக்கு

வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட்டில் எங்கள் கடை மேசைமேல், வாசல் விளக்குகளுக்கு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் வரிசை கட்டும். “கெட்டுப்போச்சு, இதைவிடப் பெரிசா ஒண்ணு குடுங்க” என்பீர்கள். கொடுத்தால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் அவற்றில் பல நன்றாகவே இருக்கின்றன.

(பெட்டியில் ‘கார்டன் லைட்’ என்று போட்டிருக்கும். நம் ஊரில் தோட்டம் என்றால் செம்பனைதான் நினைவுக்கு வரும்; வாசல் விளக்கு என்றே சொல்கிறேன்.)

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியிலிருந்து விளக்குக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மறுபடி செருகி, வோல்ட் அளக்கும் மீட்டரை ஏசியில் (மாறு மின்னோட்டம்) வைத்து, வயர் கழற்றிய இடத்தில் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நெருக்கமாகக் காட்டினால் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குள், டேப் சுற்றிப் புதைத்த இணைப்பில். மழைநீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டு ஜெல் அடைத்த கனெக்டர் போடுங்கள். இந்தச் சோதனை கனமான இரும்புக்கரு பெட்டிக்குத்தான். எடையில்லாத எலக்ட்ரானிக் வகையில் சாதாரண மீட்டர் பொய் சொல்லும்.

கடைசி விளக்கு மங்கலா? பெரிய பெட்டி அதற்கு மருந்தல்ல. 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடுகிறது. விளக்குகள் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 வயர் என்றால் 1.5 வோல்ட். வயரைத் தடிப்பாக்குங்கள், இல்லாவிட்டால் பெட்டியை விளக்குகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள்.

பெட்டி உண்மையிலேயே போயிருந்தால் விளக்குகளின் வாட்டைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெட்டியின் அளவில் எண்பது விழுக்காட்டுக்குமேல் ஏற்றக்கூடாது. 5 வாட்டில் பத்து எல்இடி என்றால் 50. அதற்கு 60 வாட் பெட்டி பத்தாது. ஹாலோஜன் காலத்து 200 வாட் எலக்ட்ரானிக் பெட்டியில் இரண்டே எல்இடி மாட்டினாலும் வம்புதான், சுமை போதாமல் மினுக்கும். பட்டையாக ஒட்டும் ஸ்ட்ரிப் லைட்டுக்கு டிசி (நேர் மின்னோட்டம்) வேண்டும். பெட்டியில் ஏசியா டிசியா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். டிசி என்றால் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். 12 வோல்ட் பக்கத்தை நீங்களே செய்யலாம். பிளக் இல்லாமல் நேராகச் சுவரிலிருந்து 230 வோல்ட் இழுத்திருந்தால் தொடாதீர்கள், சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். புதுப் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில், கூரை நிழலில் மாட்டச் சொல்லுங்கள்.

பழைய பெட்டியை எடுத்து வாருங்கள். மீட்டர் வைத்துப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. ஞாயிறு மதியத்துக்குமேல் கடை கிடையாது.