செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய ஏல், புதிய மால்ட்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு முழுவதும் பழைய பிரிட்டிஷ் ஏல் பீர் வகைகளையே வீட்டில் காய்ச்சிப் பார்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பெரும்பாலான கூட்டங்கள் லண்டன் போர்ட்டர் என்னும் கரும்பழுப்பு பீருக்கே போயின. 18ஆம் நூற்றாண்டுச் செய்முறைகள் பலவற்றில் பிரவுன் மால்ட்டைத் (முளைகட்டிப் பழுப்பாக உலர்த்திய வாற்கோதுமை) தவிர வேறு மால்ட் இராது. அதை அப்படியே பின்பற்றியவர்களுக்கு மிஞ்சியது மாவுக் கரைசல்தான். அன்றைய பிரவுன் மால்ட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம் மிச்சமிருந்தது. இன்று கடையில் கிடைப்பது நன்றாக வறுபட்டது, அதில் என்சைம் அறவே இல்லை. வெந்நீரில் மால்ட் ஒன்றரை மணி நேரம் ஊறிய மாஷிலிருந்து தெளிந்த நீரை ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்தபோது, அது கருநீலமாகவே நின்றது, மாவு மாறவில்லை என்பதன் அடையாளம். என்சைம் அழியாதபடி வெளிராக உலர்த்திய பேல் மால்ட் சேராமல் அது மாறவே மாறாது.

20 லிட்டருக்குச் செயற்குழு பரிந்துரைப்பது: மாரிஸ் ஆட்டர் என்னும் வாற்கோதுமை வகையின் பேல் மால்ட் 3.6 கிலோ, பிரவுன் மால்ட் 1.2 கிலோ. 12 லிட்டர் நீரை 75 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் மாஷ் 67 டிகிரிக்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்து, சக்கையை 76 டிகிரி நீரால் மெதுவாக அலசுங்கள். 90 நிமிடக் கொதி. தொடக்கத்திலேயே கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) 70 கிராம். கரைந்த சர்க்கரையை அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டர் (வெறும் நீரில் 1.000) 1.052 அளவில் காட்ட வேண்டும். 1.040-க்குக் கீழே இறங்கினால் மால்ட் சரியாக உடைபடவில்லை, அல்லது அவசரமாக அலசியிருக்கிறீர்கள். அடுப்பில் வீட்டிலேயே வறுத்த மால்ட்டை இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். உடனே போட்டால் காட்டம் நாக்கை விட்டுப் போகாது.

1784-இல் ஜான் ரிச்சர்ட்சன் ஹைட்ரோமீட்டர் கணக்கை வெளியிட்ட பிறகுதான், கொடுத்த காசுக்குப் பிரவுன் மால்ட் தரும் சர்க்கரை குறைவு என்பது காய்ச்சுவோருக்குத் தெளிவாயிற்று. பேல் மால்ட் பெருகியது. போன நிறத்தை மீட்டது 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற கறுப்பு மால்ட். அந்தக் காலத்துப் போர்ட்டர் வேண்டுவோர் பிரவுன் மால்ட்டைப் பாதியாக்கி, அதன் இடத்தில் பேல் மால்ட்டையும் 150 கிராம் கறுப்பு மால்ட்டையும் சேர்க்கலாம்.

மசாலா விஷயத்தில் கை தாராளமாகிவிடுகிறது. அதிமதுர வேர் 20 கிராம் கொதியின் கடைசி அரை மணிக்குப் போதும். கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸ் என்னும் மேற்கு ஆப்பிரிக்க விதையை இடித்து 4 கிராம், அதுவும் இறக்கும் முன் ஐந்து நிமிடம். கூடினால் தொண்டை எரியும். பழைய செய்முறைகளில் காக்கைக்கொல்லி விதையும் வரும். நம் ஊர்ப் பக்கம் மீன் மயக்கப் போடும் அதே விதைதான், நஞ்சு. எந்த அளவிலும் வேண்டாம். 1816ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் இவை அனைத்தையும் பீர் காய்ச்சுவோர் கைவசம் வைத்திருக்கவே தடை விதித்தது. காக்கைக்கொல்லி மட்டில் அது மிகச் சரி. அதிமதுரம் பாவம், கூட்டத்தோடு மாட்டிக்கொண்டது.

ஹாப்ஸ் இல்லாத ஏலுக்கு பாக் மிர்ட்டில் என்னும் மணமுள்ள சதுப்புநிலச் செடியின் உலர்இலை 10 கிராம், கடைசிப் பத்து நிமிடம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ஹாப்ஸின் காப்பு இல்லாததால் சீக்கிரம் புளிக்கும், ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். மருந்துக்கடை வாடை அடிக்கிறதென்ற புகார்களுக்குக் குழாய்நீரின் குளோரினே காரணம். நீரைச் சூடாக்கும் முன் கேம்ப்டன் என்னும் சல்ஃபைட் மாத்திரையில் பாதியைக் கரையுங்கள்.

பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் சேர்த்த ஸ்டாக் ஏல் (நாட்பட வைத்துக் குடிக்கும் ஏல்) புட்டிகள் சில வெடித்தது தெரிந்ததே. சாதா ஈஸ்ட் 1.014-இல் நின்றுவிடும்; பிரெட்டனோமைசிஸ் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல 1.006 வரைகூடச் சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும். அப்போது எழும் வாயுவைச் சாதாரணப் புட்டி தாங்காது. ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மாதம் அசையாமல் நின்ற பிறகே புட்டியில் அடையுங்கள். நுரைக்காகப் புட்டியில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை 20 லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல் வேண்டாம்.

1963 முதல் பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கே, விற்பனைக்கு அல்ல. எனவே சுவைத்தல் நாளில் மேசையில் வைத்த காணிக்கை உண்டியலைச் செயற்குழு எடுத்துவிட்டது.

வரும் ஆண்டுக்கு, 19ஆம் நூற்றாண்டின் செவாலியே வாற்கோதுமை மால்ட்டை ஒரு மூட்டை சங்கச் செலவில் வாங்கிப் பங்கிடும் தீர்மானம் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது. பங்கு வேண்டுவோர் முன்பணத்தைப் பொருளாளரிடம் கட்டிப் பெயர் கொடுக்கவும்.

— செயலாளர்