அந்த சிரப்பை நிறுத்துவது பற்றி

அன்புள்ள மீனா,

மூன்று வாரம் பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லாரும் சுகம். நளினிக்கு இன்னும் அதே வாய்தான்.

சின்னவனுக்கு மாதக்கணக்கில் காதில் சீழ் வடிவதற்கு மூன்றாவது தடவையாக அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை. சளியோடு திடீரென்று வரும் காதுவலிக்கு நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் மாதிரிக் கிருமிகள் காரணம். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் வழியே ஏறுபவை. அதற்கு சிரப் சரி. செவிப்பறை ஓட்டையாகி மாதக்கணக்கில் சீழ் வடிகிற காதில் கிருமியே மாறிவிடும். அங்கே பெரும்பாலும் சூடோமோனாஸ், இல்லாவிட்டால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். சூடோமோனாஸை அமாக்ஸிசிலின் தொடவே தொடாது, எத்தனை பாட்டில் குடித்தாலும்.

போதாததற்கு இவை படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். தொட்டிச் சுவரில் கைவைத்தால் வழுக்குமே, அந்த மாதிரி. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செவிப்பறையில் சிறு செயற்கைக் குழாய் வைக்க வந்த குழந்தைகளின் நடுக்காதிலிருந்து எடுத்த 50 மாதிரிகளில் 46-இல் படலம் இருந்தது. வாய்வழி மருந்துக்கு அது லேசில் மசியாது.

அதனால் டாக்டரிடம் சிப்ரோஃப்ளாக்ஸசின் காதுச் சொட்டு என்று பேர் சொல்லியே கேள். ஜென்டாமைசின் சொட்டு ஓட்டைக் காதுக்கு வேண்டாம், உள்காதைக் கெடுக்கலாம்.

சொட்டு விடுமுன் துடைக்கணும். சீழின் மேல் விட்ட மருந்து வீண். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கு. காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து மெதுவாக வை. நனைந்ததும் எடுத்துப் புதுத்திரி, உலர்ந்து வரும்வரை. பட்ஸ் கூடாது. குப்பியைக் கைக்குள் வைத்துச் சூடேற்று, சில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொட்டு விட்டு, காதுத் துளைக்கு முன்னால் துருத்தும் குருத்தெலும்பை நாலைந்து முறை அமுக்கு. மருந்து ஓட்டை தாண்டி இறங்கும். நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். பாதியில் வடிவது நின்றாலும் விடாதே.

பெரியத்தை பூண்டு எண்ணெயை எடுத்து வருவார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பு. குளிக்கும்போது காதில் வாஸலின் தடவிய பஞ்சு. குளத்துப் பக்கம் போகவே கூடாது.

மீனா, இதை மட்டும் கவனமாகப் படி. காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, வாய் கோணினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அழுகல் வாடை போகாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்; உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம், அதற்குச் சொட்டு போதாது.

இரண்டு வாரத்தில் காயாவிட்டால் அடுத்த மருந்துக்கு முன் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பு. ரிசல்ட் தாளை அப்படியே படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
கமலா